தெருவும் வகுப்பறையும்: காவிரிப் படுகைச் சாதி ஆய்வாளர்களின் வாழ்க்கைப் பின்புலமும் உயர்கல்வியில் இனவெறி எதிர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பிறப்பு, வளர்ப்பு, குடும்பத் தொழில் ஆகியன ஓர் ஆசிரியர் இனவெறியையும் சாதியையும் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதில் செல்வாக்குச் செலுத்துகின்றன என்பது இன்றைய உயர்கல்விச் சூழலில் பரவலாகப் பேசப்படுகிறது. அக்கருத்தைப் பழைய தஞ்சை மாவட்டத்தோடு, குறிப்பாக நாகப்பட்டின வட்டாரத்தோடு, தொடர்புடைய கல்வியாளர் சிலரின் வாழ்வையும் எழுத்தையும் கொண்டு இக்கட்டுரை சோதிக்கிறது. நாகையில் பிறந்த மறைமலையடிகள், நாகை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் களப்பணி செய்த மானிடவியலாளர் கேத்லீன் காஃப், படுகையின் மேற்குப் பகுதியில் களப்பணி செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ஆகியோர் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். பின்புலம் நேராக வகுப்பறைக்குள் வருவதில்லை. எந்தத் தெருவில் தங்க நேர்ந்தது, எந்த நிறுவனம் எதைப் பேச அனுமதித்தது என்பவற்றின் வழியாகவே வருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: நாகப்பட்டினம், காவிரிப் படுகை, சாதி, இனவெறி, களப்பணி, கேத்லீன் காஃப், ஆந்த்ரே பெத்தேய், மறைமலையடிகள், கீழ்வெண்மணி

முன்னுரை

இராஜாஜி தலைமையிலான சென்னை மாநில அரசு 1952இல் தஞ்சாவூர்க் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்த மிராசுதாரர்களை அது கட்டுப்படுத்தியது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகையாளருக்கு உரியது என்றது. பண்ணையாட்களைக் காரணமின்றி நீக்குவதைத் தடுத்தது. 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலானோர் படுகையில் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் இல்லாமல் இச்சட்டம் வந்திருக்காது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் தண்டனைகளாக இருந்த ஒரு மாவட்டத்தில், பள்ளர், பறையர் குடிகள் முதன்முறையாகச் சட்டத்தின் சொற்களுக்குள் உரிமையுடையோராக நுழைந்த ஆண்டு அது.

அந்த ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் தஞ்சை மாவட்டத்தில் குறிப்பேட்டுடன் இருந்தார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று வந்த மானிடவியலாளர் கேத்லீன் காஃப் அவர். 1951 முதல் 1953 வரை இரு சிற்றூர்களை அவர் ஆராய்ந்தார். உண்மைப் பெயரை மறைத்து முதலாவதைக் கும்பபேட்டை என்றும், நாகப்பட்டின வட்டத்தில் இருந்த இரண்டாவதைக் கிரிப்பூர் என்றும் தம் எழுத்துகளில் அழைத்தார். முன்னது பிராமண மிராசுதாரர் ஆதிக்கம் நிலவிய ஊர். பின்னது பிராமணரல்லாத நிலவுடைமையாளர் மேலோங்கியதும் பொதுவுடைமை இயக்கத்தின் செல்வாக்கு எட்டியதுமான ஊர். பிற்காலத்தில் அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் ஏகாதிபத்தியத்தையும் இனவெறியையும் எதிர்த்துக் கற்பித்ததற்காகப் பதவிகளை இழந்தவர் இவர்.

இவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரு நேர்கோட்டை வரைகின்றன: கொல்லரின் மகள், ஆதலால் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்றார் என்பது அக்கோடு. கோடு அழகானது, ஆனால் அவருடைய எழுத்துகளின் காலவரிசை அதற்கு எளிதில் ஒத்துவருவதில்லை. அந்த ஒவ்வாமையிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

நாகையிலிருந்து சென்னைக்கு: ஒரு முன்வரலாறு

படுகையில் பிறந்து, உயர்கல்வி நிறுவனமொன்றில் ஆசிரியராகி, இனம் பற்றிய கருத்தைத் தமிழில் வலுவாக முன்வைத்தவர்களுள் முன்னவர் மறைமலையடிகள். 1876இல் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் வேதாசலமாகப் பிறந்தார். நாகை வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்றார். நாகையில் புத்தக வணிகராகவும் தமிழ்ப் புலவராகவும் இருந்த வெ. நாராயணசாமிப் பிள்ளையிடம் இலக்கியம் கற்றார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார்; 1911 வரை அங்குப் பணிபுரிந்தார். அவருடன் பணியாற்றிய பரிதிமாற்கலைஞர் என்ற வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் பிராமணர். இருவருடைய தமிழ்ப்பற்றும் ஒரே வகுப்பறைச் சூழலில் வளர்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடிகளின் ஆரிய எதிர்ப்பை இன்றைய பொருளில் இனவெறி எதிர்ப்பு என்று கூறிவிட முடியாது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் உருவாக்கிய இனப் படிநிலையில் தமிழர் கீழே வைக்கப்பட்டதற்கு எதிராக எழுந்த கல்விசார் மறுப்பு அது. 1923இல் வெளிவந்த 'வேளாளர் நாகரிகம்' அம்மறுப்பின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. உழவைக் கண்டு, கொலையும் புலாலும் தவிர்த்து, நாகரிகத்தை வளர்த்தோர் வேளாளரே என்பது நூலின் மையம். பிராமண மேன்மையை அது அசைக்கிறது. ஆனால் அசைத்த பீடத்தில் மற்றொரு வகுப்பை அமர்த்துகிறது. அடித்தட்டு மக்கள் உயர்வதற்கு வேளாள ஒழுக்கத்தை மேற்கொள்வதே வழி எனக் கருதுகிறது.

நச்சினார்க்கினியர் காலத்திலிருந்தே உரை மரபு வேளாளரை உழுவித்துண்போர் என்றும் உழுதுண்போர் என்றும் பகுத்துள்ளது. நாகை வட்டார வயல்களில் உண்மையில் சேற்றில் இறங்கி நடவும் அறுப்பும் செய்த பண்ணையாள் இவ்விரண்டிலும் அடங்கான். அவன் உழுதான், ஆனால் அந்நிலத்தை உழுதுண்ணும் குடியாக எண்ணப்படவில்லை. உழவை நாகரிகத்தின் தாய் என்று போற்றிய நூலில் அந்த உழவனுக்கு இடம் கிடைக்காமற் போனதற்கு அடிகளின் பிறப்பு மட்டுமே காரணம் என்று கூறுவது எளிது. அவர் கற்ற சைவ சித்தாந்த மரபும், அவர் முன் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர்களின் சமூகப் பிரிவும், அக்கல்லூரியில் பாடமாக இருந்த நூல்களும் அதே அளவுக்குக் காரணங்கள். சாதி வேற்றுமையைப் பாராட்டும் போலிச் சைவரைக் கண்டித்து நூல் எழுதியவரும் அவரே. கண்டனம் உண்மையானது, அதன் கண்ணுக்குச் சேரி மங்கலாகவே தெரிந்தது.

கொல்லர் மகளும் ஆட்சிப் பணியாளரின் மாணவியும்

காஃப் 1925இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் ஹன்சிங்கோர் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை ஊர்க் கொல்லர். நிலவுடைமையின் நிழலில் வாழும் சிற்றூர் எத்தகையது என்பதை அவர் நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜின் கெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகம் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்று அவர்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948இல்தான். காஃப் முனைவர் பட்டம் பெற்றது 1950இல். வகுப்பாலும் பாலினாலும் இருமுறை வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே நுழைந்தார் என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

உள்ளே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் யார் என்பது கவனத்திற்குரியது. தொடக்கத்தில் அவருக்கு நெறியாளராக இருந்தவர் ஜே. எச். ஹட்டன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராகப் பணியாற்றி, 1946இல் இந்தியச் சாதி பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டவர் அவர். சாதியை எண்ணி, அட்டவணையிட்டு, வரிசைப்படுத்திய ஆட்சி இயந்திரத்தின் அறிவே பேராசிரியர் இருக்கையில் அமர்ந்திருந்தது. பின்னர் மேயர் ஃபோர்ட்டஸிடம் உறவுமுறை ஆய்வின் நுட்பத்தைக் காஃப் கற்றார். 1947 முதல் 1949 வரை மலபாரில் நாயர் தாய்வழி உறவுமுறையை ஆராய்ந்துவிட்டே தஞ்சைக்கு வந்தார்.

தஞ்சைக் களத்தில் அவர் திரட்டியது பற்றி 1950களில் வெளியிட்ட கட்டுரைகளைப் பார்த்தால், அவற்றில் கொல்லரின் மகளைக் காண்பது கடினம். 1955இல் வெளிவந்தது தஞ்சைச் சிற்றூர் ஒன்றின் சமூக அமைப்பை விவரிக்கும் கட்டுரை. அடுத்த ஆண்டு வந்தது தமிழ்ச் சிற்றூரின் பிராமண உறவுமுறை பற்றியது. குடும்பத்தின் உள்ளறை உறவுகளை வியக்கத்தக்க நுட்பத்துடன் பேசுவது. 1960இல் எட்மண்ட் லீச் தொகுத்த நூலில் தஞ்சைச் சிற்றூரின் சாதி பற்றிய கட்டுரை இடம்பெற்றது. மூன்றும் அக்கால பிரித்தானிய மானிடவியலின் இலக்கணத்துக்குள் நிற்பவை. ஊரின் உறுப்புகள் எவ்வாறு பொருந்துகின்றன, பொருத்தம் எங்கே தளர்கிறது என்பதே அவற்றின் வினா. தளர்ச்சியை அவர் கண்டிருக்கிறார்; ஆனால் அதைச் சுரண்டல் என்ற சொல்லால் கட்டமைக்கவில்லை.

ஒரே களக்குறிப்புகளிலிருந்து பிற்காலத்தில் அவர் எழுதியவை வேறு. தஞ்சாவூர் அரிசனங்களைப் பற்றிய அவரது கட்டுரை, தெற்காசியாவில் ஏகாதிபத்தியமும் புரட்சியும் என்ற பொருளில் அவரும் ஹரி சர்மாவும் இணைந்து தொகுத்த 1973ஆம் ஆண்டு நூலில் வெளிவந்தது. தென்கிழக்கிந்திய ஊரகச் சமூகத்தைப் பற்றிய பெருநூல் 1981இல் வந்தது. களப்பணி முடிந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த அந்நூலில் கும்பபேட்டையும் கிரிப்பூரும் நிலவுடைமை, உழைப்பு, உற்பத்தி முறை, குடியேற்ற ஆட்சியின் வரலாறு ஆகியவற்றின் வழியே மீண்டும் எழுதப்பட்டன. 1976இல் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து கண்ட மாற்றங்களை 1989ஆம் ஆண்டு நூலில் விவரித்தார்.

கூலி, வாரம், கடன், தெருப்பிரிவு ஆகிய தரவுகள் அவரது பெட்டிக்குள் 1953இலேயே இருந்தன. பிறப்பும் மாறவில்லை, தரவும் மாறவில்லை. மாறியது இடையிலிருந்த காலத்தில் அவர் நின்று பேசிய வகுப்பறைகள்.

பிராண்டைஸ், ஆரெகன், சைமன் ஃபிரேசர்

1961இல் காஃப் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிற பல்கலைக்கழகங்கள் யூதர்களை ஒதுக்கிய காலத்தின் நினைவோடு, அமெரிக்க யூதச் சமூகத்தின் முயற்சியால் 1948இல் நிறுவப்பட்டது அது. இனத்தாலோ சமயத்தாலோ எவரும் ஒதுக்கப்படலாகாது என்பதைத் தன் பிறப்பின் காரணமாகவே கொண்ட நிறுவனம். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது மாணவர் கூட்டமொன்றில் காஃப் அமெரிக்க அரசைக் கடுமையாகச் சாடிப் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் அவரைக் கண்டித்தார். அடுத்த ஆண்டு அவரும் அவர் கணவரும் மானிடவியலாளருமான டேவிட் அபர்லேயும் பதவி விலகினர். அமெரிக்க நடுவண் புலனாய்வுக் கூட்டகம் காஃப் மீது கோப்பு வைத்திருந்தது என்பதை டேவிட் பிரைஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

அதே 1962இல் அரசின் நலிவையும் உலகச் சமூகத்தின் வருகையையும் பற்றிய ஒரு சிறுநூலை அவர் டெட்ராய்ட் நகரப் பதிப்பகமொன்றின் வழியாக வெளியிட்டிருந்தார். டிரினிடாட்டில் பிறந்த கருப்பினச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸின் வழிவந்த சிறிய மார்க்சியக் குழுவோடு தொடர்புடையது அப்பதிப்பகம். கருப்பினத் தொழிலாளரும் அறிஞரும் எழுதிப் பேசிய அச்சூழலோடு காஃபுக்கு ஏற்பட்ட தொடர்பே, தஞ்சைக் குறிப்புகளை அவர் புதிதாகப் படிப்பதற்கான சொற்களைத் தந்தது எனக் கருத இடமுண்டு. இவ்வாறு கொண்டால் கிரிப்பூரின் சேரியை அவருக்கு விளக்கியதில் யார்க்ஷயரின் உலைக்களத்துக்கும் டெட்ராய்ட்டின் ஆலைத்தெருவுக்கும் பங்கிருந்ததாகிறது.

ஆரெகன் பல்கலைக்கழகத்தில் எழுந்த சிக்கல் ஆசிரியத் தொழிலின் அன்றாடத்தைத் தொட்டது. வியட்நாம் போருக்கு ஆளெடுக்கும் வாரியங்கள் மாணவரின் கல்வித் தரத்தைக் கருத்தில் கொண்டன. தேர்வில் தவறியவன் போர்முனைக்குப் போக நேரும். மதிப்பெண் இடுவது என்ற எளிய கடமையே உயிரைப் பற்றிய முடிவாகிவிட்ட நிலையில், அதில் பங்கேற்க மனமின்றிக் காஃபும் அபர்லேயும் 1967இல் கனடாவுக்குச் சென்றனர். பாடநூலில் இனவெறியைக் கண்டித்துவிட்டு விடைத்தாளில் அதற்குத் துணைபோகும் இரட்டைநிலை அவர்களுக்கு உறுத்தியது. இனவெறி எதிர்ப்புக் கற்பித்தல் பற்றிய இன்றைய விவாதங்களில் பாடத்திட்டம் பேசப்படும் அளவுக்கு மதிப்பெண் பேசப்படுவதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

மானிடவியலை மேலை ஏகாதிபத்தியத்தின் குழந்தையாகக் காணும் அவரது கட்டுரை 1968இல் வெளிவந்தது. தாம் கற்ற துறை யாருடைய பணத்தில், யாருடைய பாதுகாப்பில், யாரை ஆராய்ந்தது என்ற வினாவை அது எழுப்பியது. ஹட்டனின் மாணவி தம் ஆசிரிய மரபையே களமாக்கினார் என்று இதனைக் கொள்ளலாம். வான்கூவர் அருகிலுள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் அரசியல், சமூகவியல், மானிடவியல் துறை அப்போது மாணவர்களுக்கும் துறை நிருவாகத்தில் பங்களித்துவந்தது. நிருவாகத்துக்கும் துறைக்கும் முரண்பாடு முற்றி 1969 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆசிரியர் எண்மர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். காஃப் அவர்களுள் ஒருவர். அதன்பின் 1990இல் மறையும்வரை நிரந்தரமான பேராசிரியப் பணி அவருக்கு வாய்க்கவில்லை. 1974 முதல் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு ஆய்வாளராக இருந்தார். தஞ்சை பற்றிய இரு பெருநூல்களும் இந்தக் காலத்தில் உருவானவை.

அக்கிரகாரத்து விருந்தினர்

ஆந்த்ரே பெத்தேய் 1934இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்தன்நகரில், பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் பிறந்தார். இரு இனங்களுக்கும் இரு மொழிகளுக்கும் இடையில் வளர்ந்தவர். எம். என். சீனிவாஸ் 1959இல் தில்லிப் பொருளியல் பள்ளியில் தொடங்கிய சமூகவியல் துறையில் இளம் ஆசிரியராகச் சேர்ந்தார். 1961-62இல் தஞ்சைப் படுகையில் திருவையாற்றுப் பக்கமுள்ள ஓர் ஊரை ஆராய்ந்து, ஸ்ரீபுரம் என்ற மாற்றுப்பெயரில் 1965இல் நூலாக்கினார். சாதி, வகுப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் முன்பு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன, இப்போது பிரிந்து நகர்கின்றன என்பது அதன் முடிபு. இந்திய, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சாதி பற்றிய அடிப்படைப் பாடநூலாக அது நெடுங்காலம் இருந்துவருகிறது.

களத்தில் தம் நிலையை மறைக்காமல் எழுதியவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது. அக்கிரகாரத்து வீடொன்றில் தங்க அவருக்கு இடம் கிடைத்தது. சைவ உணவு உண்டு அவ்வீதியின் ஒழுங்குக்கு உட்பட்டார். அதனால் ஊரின் பிற பிரிவினர் அவரை அக்கிரகாரத்து ஆளாகவே கருதினர். ஆதிதிராவிடர் தெருவுக்குப் போவது அவருக்கு எளிதாக இல்லை. தஞ்சைச் சிற்றூர்களில் இத்தடை இருபக்கமும் கூர்மையுடையது. சேரி மக்கள் அக்கிரகாரத்துள் நுழையலாகாது. பிராமணர் சேரிக்குள் நுழைந்தால் சேரிக்குக் கேடு வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. காஃப், பெத்தேய் இருவரும் இதைப் பதிவு செய்துள்ளனர். விருந்தோம்பிய தெருவே பார்வையின் எல்லையாகவும் அமைந்தது.

இங்கே பிறப்பின் பங்கு என்ன? சந்தன்நகரின் கலப்புக் குடும்பப் பின்னணி அவரை எச்சாதிக்கும் உரியவராக்கவில்லை. அக்கிரகாரம் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது. தெரு அவருக்கு ஒரு சாதியைத் தற்காலிகமாக வழங்கியது என்றே சொல்ல வேண்டும். இமயமலைச் சிற்றூரொன்றில் 1957-58இல் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் ஜெரால்ட் பெரிமனின் அனுபவம் இதற்குத் துணைச்சான்றாகும். அவருடைய பிராமண மொழிபெயர்ப்பாளர் நோயுற்று விலக, அவ்விடத்துக்கு ஒரு முஸ்லிம் ஆசிரியர் வந்தார். அதன்பின் ஊர் வேறு பேச்சுப் பேசியது. தாழ்ந்த சாதியினர் வாய்திறந்தனர். இறைச்சியும் மதுவும் பற்றிய மறைப்புகள் விலகின. 1962இல் அவர் வெளியிட்ட சிறுநூல் இதை விரிவாகக் கூறுகிறது. ஆய்வாளரின் பிறப்பு அப்படியே இருக்க, அருகிலிருந்தவரின் பிறப்பு மாறியதால் அறிவு மாறியது. கருப்பினத்தாருக்கு எதிரான பிரிவினை நிலவிய அலபாமாவின் மான்ட்கோமெரியில் விமானப்படைப் பணியில் இருந்தபின் இந்தியாவுக்கு வந்தவர் பெரிமன். 1960இலேயே இந்தியச் சாதியையும் அமெரிக்க இனப் பிரிவினையையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார்.

ஒப்பீட்டை மறுத்தோரும் இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் ஒரு கருப்பினத்தவர். டிரினிடாட்டில் பிறந்து அமெரிக்கக் கருப்பினத்தார் கல்லூரிகளில் கற்பித்த ஆலிவர் காக்ஸ், 1948இல் வெளியிட்ட நூலில் இனஒடுக்குமுறை முதலாளியத்தின் விளைவு, சாதியோ அதில் வாழ்வோரால் ஏற்கப்பட்ட பழைய ஒழுங்கு என்று வாதிட்டார். இனவெறியின் அடியை அறிந்த ஓர் ஆசிரியர், சேரி மக்கள் தம் நிலையை மனமுவந்து ஏற்றிருந்தனர் என நம்பினார். இந்தியாவில் களப்பணி செய்யாமல், பிறர் எழுதிய நூல்களைக்கொண்டு அவர் அம்முடிவுக்கு வந்தார். அந்நூல்கள் பெரும்பாலும் மேலிருந்து எழுதப்பட்டவை. சீனிவாசராவின் சங்கங்கள் நாகை வட்டாரத்தில் செங்கொடி ஏற்றி ஐந்தாண்டுகள் கழிந்த நிலையில் அச்சேறிய நூல் அது. ஒடுக்கப்பட்ட பின்புலம் தன்னளவில் மற்றோர் ஒடுக்குமுறையைக் காணும் கண்ணைத் தருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பிறந்த இடமே ஒருவர் அறியக்கூடியதை முற்றாக வரையறுக்கிறது என்ற வாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்பு தகுதியை முடிவு செய்கிறது என்பது சாதியின் சொந்த விதி. அதை அறிவுத்துறைக்குள் மறுபெயரில் கொண்டுவந்துவிடும் இடரை இனவெறி எதிர்ப்புக் கற்பித்தல் பற்றிய எழுத்துகள் எப்போதும் கவனித்ததாகத் தெரியவில்லை.

காஃபையும் பெத்தேயையும் ஒப்பிடும்போது நிலவியலையும் மறக்கலாகாது. ஸ்ரீபுரம் படுகையின் மேற்குத் தலையில், காவிரியின் வளமான பழைய பாசன ஊர்களுக்கு நடுவே உள்ளது. கிரிப்பூர் கடலை நோக்கிய கடைமடைப் பகுதியில், பெருநிலவுடைமையும் நிலமற்ற ஆதிதிராவிடத் தொழிலாளர் மிகுதியும் கூடிய வட்டத்தில் உள்ளது. முன்னதில் அதிகாரம் கைமாறுவதும் பின்னதில் வகுப்பு மோதல் கூர்மையடைவதும் ஓரளவு அவ்வவ்விடத்து உண்மைகளே. இருவரும் ஊர் மாறி ஆராய்ந்திருந்தால் நூல்களும் மாறியிருக்கக்கூடும்.

வெண்மணிக்குப் பின்

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். இறந்தோர் ஆதிதிராவிடத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்ததும் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றம். 1970இல் நாகை அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. காஃபின் தஞ்சாவூர் அரிசனங்கள் பற்றிய கட்டுரை வெளிவந்ததும் அதே 1973. உறவுமுறையை ஆராய்ந்த அதே மாவட்டத்தை உழைப்பின் பக்கமிருந்து அவர் எழுதியபோது, அவ்வெழுத்தைப் பாடமாக வைக்கக்கூடிய நிலையான வகுப்பறை அவருக்கு இல்லை.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் தமிழ் கற்பித்த மற்றொருவரும் வெண்மணியை எழுதினார். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வெளிவந்து 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வெண்மணியைத் தமிழுக்கு வெளியிலும் அறியச் செய்த நாவல் அது. பண்ணையாரின் உடற்குறையை நிகழ்வின் மையத்துக்குக் கொண்டுவந்ததன் வாயிலாகக் கூலிப் போராட்டம் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்ற விமரிசனமும் அன்றே எழுந்தது. ஆசிரியரின் சாதிப் பின்புலத்தை வைத்து அவ்விமரிசனத்தை நிறுவ முயன்றவர்கள் உண்டு. பிராய்டிய விளக்கங்கள் இலக்கியத் துறைகளில் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தின் சாயலும் அதில் உண்டு. 1956இல் காஃப் எழுதிய பிராமண உறவுமுறைக் கட்டுரையிலும் அதே சாயலைக் காணலாம் என்பது இங்கே சுவையான ஒப்புமை.

டர்பனும் பிராண்டைஸும்

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது. தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பரப்புரை முதலான அமைப்புகள் சாதிப் பாகுபாட்டையும் மாநாட்டின் பொருளாக்க முயன்றன. இந்திய அரசு எதிர்த்தது. மாநாட்டுக்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில், 'தி இந்து' நாளிதழில் பெத்தேய் ஒரு கட்டுரை எழுதினார். சாதியை இனமெனக் கொள்வதற்கு அறிவியல் அடிப்படை இல்லை; அரசியல் நோக்கிலும் அது தீங்கானது என்பது அவர் நிலைப்பாடு. இனம் என்ற கருத்தையே அறிவியல் கைவிட்டுக்கொண்டிருக்கும்போது அதனைப் புறவாசல் வழியே அழைத்துவரலாகாது என்ற கவலை அதில் இருந்தது. அக்கவலையை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் 1990இல் இனம், சாதி, பாலினம் மூன்றையும் ஒப்பிட்டு, பெண்ணுடல் மீதான கட்டுப்பாட்டில் அவை ஒத்துநிற்பதைக் காட்டியவரும் அவரே. ஆய்விதழில் அனுமதிக்கப்பட்ட ஒப்பீடு பன்னாட்டு மன்றத்தில் ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று மறுப்பாளர்கள் கேட்டனர்.

இவ்விவாதத்தில் வரலாற்றுச் செய்தியொன்று பெரிதும் கவனிக்கப்படாமல் போயிற்று. 1965ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் விதியில், இனம், நிறம் ஆகியவற்றோடு 'வழித்தோன்றல்' என்ற சொல் சேர்ந்தது இந்தியப் பேராளர்களின் திருத்தத்தால். அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என உடன்படிக்கைக் குழு 2002இல் தன் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது.

இவ்வளவுக்கும் நடுவே, சேரித் தெருவில் பிறந்து கல்லூரி ஆசிரியரானோரின் எழுத்து தமிழில் மிகத் தாமதமாகவே வந்தது. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இலும் கே. ஏ. குணசேகரனின் 'வடு' 2005இலும் வெளிவந்தன. இருவரும் தென்மாவட்டத்தினர், புதுச்சேரியில் உயர்கல்வி ஆசிரியர்களாக இருந்தவர்கள். தம் கல்வி நாட்களின் இழிவுகளை அவர்கள் எழுதிய பின்னரே, தமிழ் வகுப்பறையில் சாதி என்பது வேறு யாருக்கோ நேர்ந்த செய்தி என்ற நிலை மாறத் தொடங்கியது. கும்பபேட்டை, கிரிப்பூர், ஸ்ரீபுரம் ஆகிய மூன்று மாற்றுப்பெயர் ஊர்களின் சேரிகளிலிருந்து அத்தகைய ஒரு கல்வியாளரின் நூல் வந்தால், காஃபின் அட்டவணைகளையும் பெத்தேயின் முடிபுகளையும் அத்தெருவின் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். களக்குறிப்புகளில் எண்ணாகவும் பிரிவாகவும் இடம்பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று படுகையின் கல்லூரிகளில் பயில்கின்றனர்; அவ்வூர்களின் உண்மைப் பெயர்களை அவர்களுள் சிலரேனும் தம் வீட்டு முகவரியாக எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

காஃப் 1963இல் விட்டு வெளியேறிய பிராண்டைஸ் பல்கலைக்கழகம், 2019 டிசம்பரில் தன் பாகுபாடு தவிர்ப்புக் கொள்கையில் சாதியையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுள் இவ்வாறு செய்த முதல் நிறுவனம் அது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல் அதனைப் பின்பற்றியது.